பழைய கொரோலாவுக்கு கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் மாத்திறதோ?

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில இருந்து எழுதுறன். அப்பாவின்ர கொரோலா 121, பெற்றோல், 280,000 கிலோமீற்றர் தாண்டிட்டுது. எஞ்சின் லைட் அணையுதில்லை. ஸ்கான் பண்ண பி0420 எண்டு வந்தது, அதாவது புகையில உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கிற கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் சரியா வேலை செய்யேல்லை எண்ட கோட். கராஜில உடன கன்வேர்ட்டர் மாத்தச் சொல்லுகினம். உள்ளுக்க பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறதால விலையும் பெரிசு.

ஆனா ஏ9இல வவுனியாவுக்கு ஓடேக்க இழுவை குறையேல்லை, அதால கன்வேர்ட்டர் அடைச்சிட்டுது எண்டு நான் நினைக்கேல்லை. கன்வேர்ட்டருக்குப் பின்னால இருக்கிற ஒட்சிசன் சென்சர் பழசானாலும், சைலன்சர் குழாயில காத்து கசிஞ்சாலும் இதே கோட் வரலாம்தானே? எஞ்சின் கொஞ்சம் ஒயிலும் குடிக்குது. அதைத் திருத்தாமல் புதுசு போட்டால் அதுவும் பழுதாப்போகும் எண்டதுதான் என்ர பெரிய பயம்.

இன்னொருத்தர் உள்ளுக்க இருக்கிறதை இடிச்செடுத்திட்டு வெறுங்கூட்டைப் பூட்டச் சொன்னார். அது வேண்டவே வேண்டாம். அந்த நச்சுப்புகையை எங்கட பிள்ளையள்தான் சுவாசிக்கோணும். வருசாவருசம் புகைப் பரிசோதனையும் இருக்கு.

முதல்ல எதைச் சோதிக்கிறது? யப்பான்ல இருந்து வாற பாவிச்ச கன்வேர்ட்டரை நம்பலாமோ? கிளிநொச்சி, வவுனியா பக்கம் சென்சர் அளவுகளை வடிவாப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆக்கள் இருந்தாலும் சொல்லுங்கோ. மாத்தின அனுபவம் உள்ள அண்ணையாக்கள் கட்டாயம் எழுதுங்கோ.