2 அடி ரீஃப் தொட்டி: கல்லைக் குவிக்கணுமா, இடம் விடணுமா?

பன்னிரண்டாம் மாடி (சிங்கப்பூர்):
வணக்கம். பவளமும் கடல் மீனும் வளர்க்க 60×40×35 செ.மீ. தொட்டி வாங்கி ஒரு வாரமாச்சு. சம்ப் (கீழ வைக்கிற ஃபில்டர் தொட்டி) கிடையாது, பின்னால தொங்குற ஃபில்டர் மட்டும். கடைக்காரர் 12 கிலோ ட்ரை ராக்கை (காஞ்ச பாறைக்கல்லை) தலையில கட்டிட்டார். நாலு தடவை அடுக்கி நாலு தடவை கலைச்சாச்சு. பின் கண்ணாடி ஓரமா சுவர் மாதிரி எழுப்பினா நிறைய பவளம் வைக்கலாம்னு எனக்குத் தோணுது. வீட்டம்மாவுக்கு நடுவுல ஒரு வளைவு வேணுமாம். மீன்ல ரெண்டு க்ளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ்; பவளத்துல டார்ச், ஹேமர், ஜிஎஸ்பி (பச்சைப் பாய் மாதிரி படர்றது), இதுதான் பட்டியல். இன்னும் தண்ணி ஊத்தல. என்ன சொல்றீங்க?

பழைய தொட்டிக்காரன் (கிள்ளான்):
சுவரே எழுப்புங்க தம்பி. 12 கிலோவும் போடுங்க. சின்னத் தொட்டியில கல்லுதான் ஃபில்டர். மீன் கழிவுல வர்ற விஷமான அமோனியாவை நைட்ரைட்டா, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா குடியிருக்கிறது கல்லோட துளையிலதான். இன்னும் உள்ள, ஆக்ஸிஜன் எட்டாத இடத்துல நைட்ரேட்டும் கொஞ்சம் கழியும். கேலனுக்கு ஒரு பவுண்டு கல்லுங்கிறது எங்க காலத்துக் கணக்கு. உங்க தொட்டிக்கு 10 கிலோ வருது, 12 ஒண்ணும் அதிகமில்ல. இப்பல்லாம் போட்டோவுக்காக ரெண்டு கல்லை நட்டு வெச்சுட்டு, மீன் ஏன் மிரளுதுன்னு கேட்கிறாங்க. ஃபயர்ஃபிஷ் பொந்து இல்லேன்னா பயத்துல துள்ளும். மறுநாள் காலையில சோபாவுக்கு அடியில கருவாடா கிடக்கும்.

பனிநாட்டான் (டொராண்டோ):
சுவர் மட்டும் கட்டாதேங்கோ. நான் கட்டி அனுபவிச்சனான். எட்டு மாசம் வடிவாத்தான் இருந்தது. பிறகு நைட்ரேட் 40-ஐ விட்டு இறங்கேல்லை. கிழமைக்குக் கிழமை தண்ணி மாத்தியும் சரிவரேல்லை. ஒருநாள் பவர்ஹெட்டை (தண்ணியைத் தள்ளுற மோட்டரை) கழட்டிச் சுவருக்குப் பின்னாலை பிடிச்சன். ஒரு நிமிசத்திலை தொட்டி முழுக்கப் பால்தேத்தண்ணி நிறம்! மீன் தின்னாம விட்ட சாப்பாடு, கழிவு எல்லாம் அங்கைதான் தேங்கி நிண்டிருக்கு.

பவுண்டுக் கணக்கும் பிழை. பாரமான கல்லிலை துளை குறைவு. துளை நிறைஞ்ச லேசான கல் ஆறேழு கிலோ காணும். போதாட்டி ஃபில்டருக்குள்ளை செராமிக் வளையம் போடலாம்.

பழைய தொட்டிக்காரன்:
அது ஓட்டத்தோட குத்தம், சுவரோட குத்தம் இல்ல. பின்னால 5 செ.மீ. சந்து விட்டு, வேவ்மேக்கரை (அலை எழுப்புற மோட்டரை) அந்தச் சந்துக்கு நேரா வெச்சா அழுக்கு எங்க தங்கும்? செராமிக் வளையம் மட்டும் அடைச்சுக்காதா? நீங்க மாசாமாசம் எடுத்து அலசுற ஆளா இருக்கலாம், எல்லாரும் அப்படியா?

பனிநாட்டான்:
அண்ணை, உங்கட கணக்கையே பாப்பம். முன்னுக்கிருந்து பின்னுக்கு 40 செ.மீ. பின்னாலை சந்து 5. முன் கண்ணாடியிலை பாசி சுரண்டுற காந்தம் போய்வர இன்னொரு 5. மிச்சம் 30. சுவர் எப்பிடியும் 20 பிடிக்கும். பவளம் எங்கை வளருறது?

டார்ச் ராவிலை கொட்டுற கையை நீட்டும், 15 செ.மீ. கூடப் போகும். இந்தத் தொட்டியிலை அது காவாசி நீளம். பக்கத்திலை ஹேமர் இருந்தா, கொஞ்ச நாளிலை வெள்ளை எலும்பைத்தான் பாப்பியள். வாங்கேக்கை டார்ச்சுக்கு ஒரு தலை, ரெண்டு தலை இருக்கும். வளந்தா அது ஒரு கொத்து. கல் அடுக்கேக்கை அந்தக் கொத்துக்கு இடம் விட்டு அடுக்க வேணும், இண்டைக்கு இருக்கிற துண்டுக்கு இல்லை.

புதுத்தொட்டி (மதுரை):
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். ராமேஸ்வரம் போனப்ப கரையில பவளக்கல்லு கிடந்துச்சு. எடுத்துட்டு வந்து காய வெச்சுப் போட்டா காசு மிச்சம்தானே?

முத்துநகர் (தூத்துக்குடி):
தொடாதீங்க. பாறை கட்டுற பவளம் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில 2001-லயே வந்தாச்சு. செத்த கல்லுதானேன்னு கேட்பீங்க, செத்ததும் சேர்த்திதான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டியே எங்க கடலை நாங்க பாழாக்கினோம். மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு படிச்சிருப்பீங்க. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டும் இப்ப தண்ணிக்கு அடியில. ட்ரை ராக்கோ செயற்கைக் கல்லோ கடையில பில்லோட வாங்குங்க.

பனிநாட்டான்:
எங்கட ஊரிலை முருகைக்கல்லாலை, அதுவும் பவளக்கல்தான், மதிலே கட்டியிருக்கினம். அதே மாதிரிக் கல்லை இங்கை கிலோக் கணக்கிலை விலைகுடுத்து வாங்கிறன் எண்டு அம்மாக்கு இன்னும் சொல்லேல்லை.

பழைய தொட்டிக்காரன்:
சரி, இடம் விடுறது நியாயம்னே வெச்சுப்போம். ஆனா அந்த வளைவு வேணவே வேணாம். எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு டமார்னு சத்தம். எழுந்து லைட்டைப் போட்டா மேல்கல்லு மணல்ல கிடக்கு, மூணு தலை ஹேமர் அதுக்கு அடியில. பிஸ்டல் இறால் ராவோட ராவா காலடியைத் தோண்டியிருக்கு. கண்ணாடி தப்பிச்சது என் பொண்டாட்டி செஞ்ச புண்ணியம்.

பனிநாட்டான்:
கல்லை எதுக்கு மேலை வைச்சனீங்கள்?

பழைய தொட்டிக்காரன்:
மணல் மேலதான்.

பனிநாட்டான்:
அதுதான் விசயம். முதல்லை கல், பிறகு மணல். அடிக்கல் வெறும் அடிக்கண்ணாடியிலை ஆடாம இருக்க வேணும். இறால் எவ்வளவு தோண்டினாலும் கல் அசையாது. பொருத்திலை ஜெல் சூப்பர் க்ளூவை விட்டு, மேலை காஞ்ச அரகோனைட் மணலை (சுண்ணாம்பு மணலை) தூவினா அந்த இடத்திலையே இறுகிடும். சூடாகும், புகையும் வரும், யன்னலைத் திறந்து வைச்சுச் செய்யுங்கோ.

பழைய தொட்டிக்காரன்:
ஒட்டிட்டா அப்புறம் மீனைப் பிடிக்கணும்னா முழுக் கோட்டையையும் தூக்கணுமே?

பனிநாட்டான்:
முழுசா ஒட்டச் சொல்லேல்லையே. ரெண்டு மூண்டு துண்டாச் செய்யுங்கோ, ஒவ்வொண்டையும் ஒரு கையாலை தூக்கிற அளவிலை.

முத்துநகர்:
ஜிஎஸ்பியைப் பெரிய கல்லுல வைக்காதீங்க, படர்ந்து மத்ததை மூடிரும். மணல்ல தனிக்கல்லு ஒண்ணு போதும்.

பழைய தொட்டிக்காரன்:
அதுல எனக்குச் சண்டையே இல்ல. எங்கிட்ட பின் கண்ணாடி வரைக்கும் ஏறியிருச்சு.

பன்னிரண்டாம் மாடி:
நேத்து ராத்திரி முடிச்சேன். 7 கிலோதான் உள்ள போச்சு. இடப்பக்கம் உயரமா ஒரு குன்று, வலப்பக்கம் அதுல பாதி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் காலி மணல், டார்ச் ஒரு கரை, ஹேமர் எதிர்க்கரை. வளைவு கேட்ட மனுசிக்குப் பெரிய குன்றுக்குள்ளயே குடைஞ்ச மாதிரி ஒரு சின்ன வாசல் ஒட்டிக் கொடுத்தேன், ஃபயர்ஃபிஷ்ஷுக்கும் ஆச்சு. அண்ணன் சொன்ன பின் சந்தும் விட்டிருக்கேன். வாளியால அளந்து ஊத்தினேன். 84 லிட்டர் தொட்டின்னு பேரு, உப்புத்தண்ணி பிடிச்சது 62 லிட்டர்தான். மருந்து எதுவும் ஊத்துறதா இருந்தா அந்தக் கணக்குலதான் ஊத்தணும். அமோனியா இறங்குற வரைக்கும் மீன் கிடையாது. மிச்சம் 5 கிலோ கல்லு பால்கனியில வாளியில கிடக்கு.

பழைய தொட்டிக்காரன்:
அதை வித்துராதீங்க. ஆறு மாசத்துல வேணும்பீங்க.