ஆக்சிஜன் ஓடும் வீட்டில் கற்பூரத் தட்டு

அப்பாவுக்கு நுரையீரல் நோய். பெரும்பாலான நேரம் மூக்கில் ஆக்சிஜன் குழாய்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் கேஸ் அடுப்பைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் நெருப்பு வாசல் வழியாக வந்தது.

ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கற்பூரம் எரியும் தட்டோடு நேராக அப்பாவின் கட்டிலுக்கே வந்துவிட்டார். படுத்திருப்பவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும் என்ற பாசம்தான். அப்பாவும் கையை நீட்டிக்கொண்டு குனிகிறார். அம்மா ஓடிப்போய் குறுக்கே நின்று, "அக்கா, தட்டை வெளிய வச்சிருங்க, துன்னூறு மட்டும் குடுங்க" என்றார்.

"மெஷினை நிறுத்திட்டுக் காட்டலாமே?" என்று பெரியம்மா கேட்டார். நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. நிறுத்தினாலும் போதாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மெஷினிலிருந்து வருவது 90 சதவீதத்துக்கும் மேல். அது தானாக எரியாது, ஆனால் துணி, போர்வை, தலைமுடி, தாடி எல்லாவற்றிலும் தங்கியிருக்கும். அங்கே ஒரு பொறி பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொள்ளும். நிறுத்திய பிறகு குறைந்தது 20, 30 நிமிடமாவது நல்ல காற்றோட்டத்தில் இருந்துவிட்டுத்தான் நெருப்புப் பக்கமே போக வேண்டும். குழாயைக் கழற்றி மெத்தைமேல் போட்டுவிட்டு மெஷினை ஓடவிடுவதும் இதே காரணத்தால்தான் ஆபத்து.

இதைச் சட்டென்று புரிந்துகொண்டவர் எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா. "காத்தைக் கூட்டுனா ஜுவாலை என்ன ஆட்டம் ஆடும்னு எங்களுக்குத் தெரியாதாங்க?" என்றார். பீடியை வாசலுக்கு வெளியே அணைத்துவிட்டு வருபவரும் அவர் ஒருவர்தான்.

இப்போது சாமி விளக்கு, சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் அப்பாவிடமிருந்து 3 மீட்டருக்குள் வராது. மூக்கு வறண்டால் வாஸ்லின், தைலம் தடவுவதில்லை. எண்ணெய்ப் பிசுக்குள்ளது எதுவும் ஆக்சிஜனுக்கு ஆகாது. மருந்துக் கடையில் கேட்டால் தண்ணீர் கலந்த ஜெல் கிடைக்கிறது. கரண்ட் போனால் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைத் தொடும் கையிலும் எண்ணெய் இருக்கக் கூடாது. அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வருகிற அம்மாவுக்கு இதைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், கரண்ட் போகும் நேரம். மெஷின் நின்று சிலிண்டருக்கு மாற்றும் அதே நிமிடத்தில் யாராவது மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள். வீட்டிலிருந்த மெழுகுவர்த்தியை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டோம். கட்டில் காலிலேயே ஒரு சார்ஜ் லைட் கட்டித் தொங்குகிறது.