உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) சான்று இருந்தும் இ.எம்.டி. (டெண்டருக்கான முன்வைப்புத் தொகை) விலக்கு இல்லை என்கிறார்கள், ஏன்?

பேரணாம்பட்டு கையுறை:
வணக்கம். வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை தைக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் பார்ட்னர்கள், ஆளுக்குப் பாதி. ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனம் அரசுக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் 4,000 ஜோடி கேட்டிருந்தது. குறு நிறுவனம், பெண் நடத்துவது என்று இ.எம்.டி. கட்டாமல் விலை போட்டோம். விலக்குக்குத் தகுதியில்லை என்று விலையைப் பார்க்கும் முன்பே டெக்னிக்கல் ஆய்வில் தள்ளிவிட்டார்கள். எங்கே இடிக்கிறது?

ஆம்பூர்க்காரன்:
பெண்கள் கம்பெனிக்கு இ.எம்.டி. கிடையாதே அக்கா! 3 சதவீதம் தனி ஒதுக்கீடே இருக்கிறது. மெயில் போட்டுச் சண்டை பிடியுங்கள்.

காட்பாடி கணக்கர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இந்த விலக்கு மத்திய அரசின் 2012-ம் ஆண்டு கொள்முதல் கொள்கை ஆணைப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு வருவது. பெண் என்பதற்காகத் தனியாக வருவதில்லை. மேடம், உத்யம் சான்றில் தொழில் வகையைக் காட்டும் என்.ஐ.சி. குறியீடு எதில் தொடங்குகிறது?

பேரணாம்பட்டு கையுறை:
46 சார். முன்பு வாணியம்பாடியில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தோம், அப்போது பதிந்தது. இப்போது கட்டிங், தையல் எல்லாம் எங்கள் ஷெட்டிலேயே.

காட்பாடி கணக்கர்:
அதுதான். 46 என்றால் மொத்த வியாபாரம். 2021-ல் வியாபாரிகளை உத்யமில் சேர்த்தது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். கொள்முதல் சலுகை அவர்களுக்கு இல்லை. உத்யம் தளத்தில் உற்பத்திக் குறியீட்டைச் சேருங்கள், கட்டணம் கிடையாது. நெட் சென்டரில் ஆயிரம் ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஜெம்மிலும் அந்தக் கையுறைக்கு உற்பத்தியாளர் என்றே காட்ட வேண்டும்.

இன்னொன்று. ஆளுக்குப் பாதி என்றால் பெண்கள் நிறுவனக் கணக்கில் வராது. கூட்டு நிறுவனத்தில் பெண் பங்கு குறைந்தது 51 சதவீதம் வேண்டும்.

ஆம்பூர்க்காரன்:
அப்போ அந்த 3 சதவீதம்?

காட்பாடி கணக்கர்:
அது வாங்குகிற நிறுவனத்துக்கான வருடாந்தர இலக்கு. மொத்தக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம்; அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 4, பெண்களுக்கு 3. ஒவ்வொரு டெண்டரிலும் எடுத்துவைக்கிற பங்கு இல்லை.

உண்மையில் காசு தருவது விலைச் சலுகைதான். பெரிய கம்பெனி ஒன்று ஜோடி 80 ரூபாய்க்கு எல்1 (மிகக் குறைந்த விலை போட்டவர்) ஆகிறது, நீங்கள் 90 போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். எல்1-க்கு மேல் 15 சதவீதம், அதாவது 92 வரைக்கும் வரம்பு. 80-க்கு இறங்கச் சம்மதித்தால், பிரித்துக் கொடுக்கக்கூடிய ஆர்டரில் 25 சதவீதம், 1,000 ஜோடி வரை தரலாம். எல்1-ஏ சிறு நிறுவனமாக இருந்தால் இது பேச்சுக்கே இல்லை. தோலும் நூலும் போக 80-ல் கட்டுப்படியாகுமா என்பதை முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

சிப்காட் ராணிப்பேட்டை:
மாநில அரசு டெண்டர் என்றால் 1998 ஒளிவுமறைவற்ற டெண்டர் சட்டம், 2000-ம் ஆண்டு விதிகள். மத்திய ஆணையைக் காட்டினால் எடுபடாது. சிவில் வேலை ஒப்பந்தங்களுக்கும் அந்த மத்திய ஆணை பொருந்தாது, எங்கள் ஃபேப்ரிகேஷன் ஆட்கள் அடிக்கடி முட்டிக்கொள்வது இதில்தான். சரக்கு கொடுத்து 45 நாளுக்கு மேல் பணம் இழுத்தால் மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் புகார் போடுங்கள். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்.

பேரணாம்பட்டு கையுறை:
ரொம்ப நன்றி சார். வீட்டுக்காரர் 49 சதவீதத்துக்குச் சரி என்கிறார், பார்ட்னர்ஷிப் பத்திரம் மாற்ற ஆடிட்டரைப் பார்க்கிறோம். குறியீட்டை மாற்றிவிட்டு இதே பிட்டுக்கு (ஜெம் டெண்டருக்கு) மறுபடி கேட்கலாமா?

காட்பாடி கணக்கர்:
ஆகாது மேடம். பிட் முடியும் நாளில் சான்று எப்படி இருந்ததோ அதைத்தான் பார்ப்பார்கள். அடுத்ததற்குத் தயாராகுங்கள். பத்திரம் மாறியதும் உத்யத்திலும் ஜெம்மிலும் இரண்டு இடத்திலும் ஏற்றுங்கள்.