தொட்டிக்குள் வந்த கோலச் சிப்பி

குழு: நம்ம வீட்டு ஆட்கள்
ஞாயிறு

கார்த்தி (8:12): [படம்] மீன் தொட்டிக்குப் புது விருந்தாளி. நண்பன் ராமேஸ்வரத்திலிருந்து கடல்தண்ணீரோடு கொண்டுவந்தான். ஓட்டின் மேல் கோலத்தைப் பாருங்கள்!

வசந்தி அத்தை (8:15): பட்டுச்சேலை பார்டர் மாதிரி இருக்கிறதே. உயிரோடா?

கார்த்தி (8:16): உயிரோடுதான் அத்தை. பகலில் மணலுக்குள் புதைந்துகொள்ளும், ராத்திரி வெளியே வரும். ஒரே ஒரு குழப்பம். பாசி மேய வாங்கிவிட்ட மூன்று நத்தைகளும் இரண்டே நாளில் வெறும் ஓடாகிவிட்டன.

செல்வம் மாமா (8:19): தம்பி, இதைக் கையில் எடுத்தாயா?

கார்த்தி (8:19): படம் எடுக்க உள்ளங்கையில் வைத்தேன் மாமா. ஏன்?

செல்வம் மாமா (8:23): தப்பித்தாய். கூடாரம் கூடாரமாகக் கோலம் போட்ட கூம்பு நத்தை அது. நான் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போன புதிதில் படகு முதலாளி சம்மாட்டி சொன்ன முதல் பாடமே, கூம்பாக இருப்பதை மடியில் போடாதே என்பதுதான்.

திவ்யா அக்கா (8:27): மாமா சொல்வது சரி. அதன் பல்லே ஒரு குட்டி ஈட்டி. உள்ளே குழாய் மாதிரி, விஷத்தோடு. வாயிலிருந்து நீளும் குழலால் குத்தும். இந்த வகை மற்ற நத்தைகளைத் தின்னும். உன் பாசி நத்தைகள் போன வழி அதுதான்.

அருண் (8:29): நத்தை குத்தி யாராவது செத்திருக்கிறார்களா? 😄

திவ்யா அக்கா (8:32): 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் இறந்தார். அது இதன் உறவுக்காரன், மீன் தின்னும் வகை. உள்ளங்கையில் வைத்திருந்தபோதுதான் குத்தியது. கார்த்தி, கவனி.

கார்த்தி (8:33): 😰 அகலமான பக்கமாகப் பிடித்தால் குத்தாது என்று நண்பன் சொன்னானே?

திவ்யா அக்கா (8:36): குழல் எந்தப் பக்கமும் வளைந்து எட்டும். கையுறையையும் துளைக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசை செயலிழந்தால் விஷம் இறங்கும்வரை வென்டிலேட்டர்தான். வலி குறைவாக இருந்தாலும் நம்பக்கூடாது. குத்தினால் கீறாதே, உறிஞ்சாதே. கையை அசைக்காமல், ரத்த ஓட்டம் நிற்காதபடி துணியால் அழுத்தமாகச் சுற்றிக் கட்டி 108ஐக் கூப்பிடு.

வசந்தி அத்தை (8:38): இதன் விஷத்தில் வலி மருந்து செய்கிறார்களாமே? என் முழங்காலுக்கு ஆகுமா?

திவ்யா அக்கா (8:40): ஆமாம் அத்தை, வேறொரு கூம்பு நத்தையின் விஷத்தைப் பார்த்து உருவாக்கினார்கள். 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தண்டுவட நீரில் பம்ப் வைத்துச் செலுத்துவார்கள். நீங்கள் தைலமே தேயுங்கள்.

பிரியா (8:42): கார்த்தி, நம் பாப்பா தினமும் அந்த மணலில்தானே கையை விட்டு அளைகிறாள்!

செல்வம் மாமா (8:43): பிள்ளையை முதலில் அந்தப் பக்கம் விடாதே. நீளமான இடுக்கியால் எடு. துணிப்பை வேண்டாம், கெட்டியான டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு போட்டு மூடு. காலையில் மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் போட்டு என்ன செய்வது என்று கேள்.

கார்த்தி (9:31): [படம்] எடுத்துவிட்டேன். மூடியின் மேல் செங்கல்லும் வைத்தாயிற்று.

வசந்தி அத்தை (9:33): அது என் ஊறுகாய் டப்பா அல்லவா?

கார்த்தி (9:34): புது டப்பா வாங்கித் தருகிறேன் அத்தை 🙏

செல்வம் மாமா (9:36): நண்பன் ஒன்றுதான் கொடுத்தானா, இரண்டா?

கார்த்தி (9:41): கேட்டேன். வாளியில் எத்தனை இருந்தது என்று எண்ணவில்லையாம். டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன்.