'மேவிலிம்பங்கம்', 'வளைப்பந்தூறு' எந்த ஊர்கள்? மெய்க்கீர்த்தி வரிகளில் சிங்கப்பூர் வருகிறதா?

தேக்கா வாசகர்:
சமூக மன்ற நிகழ்ச்சி ஒன்றுக்காக ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் பகுதி) 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கும் பகுதிக்கு மெட்டமைத்து நடனம் தயாராகிறது. பின்திரையில் ஒரு வரைபடம் போட்டு, பாடலில் ஊர்ப்பெயர் வரும்போது அந்த இடத்தில் விளக்கு எரிய வேண்டும். கடாரம் கெடா என்று தெரியும். மற்றவை எங்கே? 'மலையூர்' என்பது மலாயாவா? இவற்றில் எது சிங்கப்பூரின் பழம்பெயரான தெமாசெக்? 'மாதமாலிங்கம்' வரும் இடத்தில் மேடையில் லிங்கம் வைக்கலாம் என்று ஒரு யோசனையும் இருக்கிறது.

அகவல்:
முதலில் அந்த லிங்கத்தை எடுத்துவிடுங்கள். மாதமாலிங்கம் என்பது தாம்பிரலிங்கம் என்ற அரசு. இன்றைய தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட். அச்சுப் புத்தகங்களில் சீர் பிரித்து 'மாதமா லிங்கமும்', 'இலங்கா சோகமும்', 'மேவிலிம் பங்கமும்' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பாடுகிறவர் நடுவில் மூச்சு விட்டால், சோகமும் பங்கமும் தனியாகக் கேட்கும். 'உம்' முடிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

'விச்சாதிரத் தோரணம்', 'புனைமணிப் புதவம்', 'கனமணிக் கதவம்' மூன்றும் ஊர்கள் அல்ல. கடாரத்து அரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனிடமிருந்து கைப்பற்றிய தோரணமும் மணி பதித்த வாயில் கதவுகளும்தான் அவை. ஊர்க்கணக்கு 'நிறைசீர் விசய'த்தில் தொடங்குகிறது. அந்த விசயம் ஸ்ரீவிஜயம், சுமத்திராவின் பாலெம்பாங். அங்கிருந்து கடாரம் வரை 13 பெயர்கள்.

உறுதியாக விளக்குப் போடக்கூடியவை: பண்ணை (சுமத்திராவின் வடகிழக்குக் கரை, தோட்டமும் இல்லை, துரவும் இல்லை), மலையூர் (மலாயு, சுமத்திராவின் ஜாம்பிப் பக்கம், பத்தாங் ஹாரி ஆற்றோரம், மலாயா முழுவதும் அல்ல), இலங்காசோகம் (லங்காசுகா, தெற்குத் தாய்லாந்தின் பட்டாணி வட்டாரம்), மாதமாலிங்கம், இலாமுரிதேசம் (அச்சேயின் வடமுனை), மாநக்கவாரம் (நிக்கோபார்), கடாரம். தலைத்தக்கோலத்தைப் பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் தக்கோலாவோடு இணைத்து, தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா பக்கம் காட்டுவது வழக்கம்.

மாயிருடிங்கம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு நான்கும் எந்த இடம் என்று இன்னும் முடிவாகாதவை. ஆளுக்கு ஓர் இடம் சொல்வார்கள். மாபப்பாளத்தைப் பர்மாக் கரையில் வைப்பவர்கள் உண்டு. வளைப்பந்தூறை சம்பா நாட்டு (இன்றைய வியட்நாம்) பாண்டுரங்கத்துக்கு இழுத்தவர்களும் உண்டு. எனக்கு அது ஒலி ஒற்றுமையைத் தாண்டிப் போகவில்லை. இந்த நான்குக்கும் புள்ளி வைக்காமல், பெயரை மட்டும் கடலில் மிதக்க விடுவதே நேர்மை.

கல்லெழுத்து:
அகவல் சொன்னதோடு ஒன்று. அடைமொழிகளை நம்பி இடம் தேடாதீர்கள், மேடைக்காட்சியும் அமைக்காதீர்கள். 'தேனக்க வார்பொழில் மாநக்க வாரமும்' என்றால் நிக்கோபாரில் தேன் சொட்டும் சோலைகளைப் புலவர் பார்த்தார் என்று பொருளல்ல. 'நக்க'வுக்கு எதுகையாக 'னக்க' தேவைப்பட்டது. 'கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலம்', 'விளைப்பந்தூறுடை வளைப்பந்தூறு' எல்லாம் அதே கைவேலை. இசையமைப்பவருக்கு இது லாபம்: தாளத்தின் அடியை அந்த எதுகை எழுத்தில் விழவையுங்கள், வரி தானாக நிற்கும்.

ஊர்களை அம்புக்குறியால் வரிசையாக இணைக்கவும் வேண்டாம். பட்டியல் பாலெம்பாங்கில் தொடங்கித் தீபகற்பம் ஏறி, அச்சே, நிக்கோபார் போய்க் கெடாவில் முடிகிறது. கப்பல் போன வழி இது என்று கல்வெட்டு சொல்லவில்லை.

ஆண்டு போடுவதானால் 'சுமார் 1025' என்று போடுங்கள். கல்வெட்டில் ஆட்சியாண்டுதான் இருக்கும். 1012இல் பட்டம் என்று வைத்துக் கணக்கிட்டது இது. முழுப் பட்டியல் உள்ள தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 19ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1030–31. படையெடுத்தது ராஜராஜன் என்று நிகழ்ச்சிக் குறிப்பில் அடிக்கடி வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அவர் காலத்தில் ஸ்ரீவிஜயத்தோடு உறவு நன்றாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தது அப்போதுதான்.

தேக்கா வாசகர்:
லிங்கம் போயாச்சு. அப்ப தெமாசெக்? வரைபடத்தில் நம்ம தீவு இருட்டாகவே இருந்தால் பிள்ளைகள் கேட்பார்களே.

கல்லெழுத்து:
அந்த 13 பெயர்களில் தெமாசெக் இல்லை. அந்தப் பெயர் தெளிவாகக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டில்: சீனப் பயணி வாங் தாயுவான் எழுதிய 'தான்மாசி', 1365இல் ஜாவாவின் நாகரகிருதாகமத்தில் 'துமாசிக்'. குழப்பம் வருவது மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவால். அதில் ராஜா சூலான் சீனத்தின் மீது படையெடுக்கப் புறப்பட்டுத் தெமாசெக்கில் தங்குகிறார். சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளும் காய்க்கும் மரங்களும் ஏற்றிய பழங்கப்பலில் கிழவர்களை அனுப்பி, இளவயதில் புறப்பட்டோம், இப்போதுதான் வந்து சேர்கிறோம் என்று சொல்லவைத்து அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். சுவையான கதை. சோழர் நினைவு அதில் படிந்திருக்கலாம், ஆனால் மெய்க்கீர்த்திக்குச் சான்றாகாது.

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் 1843இல் வெடிவைத்துத் தகர்த்த கல்லின் துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் 'கேசரி' என்று வாசிக்கலாம், அது சோழரின் பரகேசரிப் பட்டமாகலாம் என்று 2019இல் ஒரு கருத்து வந்தது. ஒப்புக்கொள்ளப்பட்ட வாசிப்பு அல்ல, திரையில் போடாதீர்கள்.

அகவல்:
தீவு இருட்டாக வேண்டாம். பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் இடம் என்று வேறு நிறத்தில் ஒரு சிறு புள்ளி, பாடல் தொடங்கும் முன்பே எரியட்டும். பட்டியல் விளக்குகளோடு அது சேர்ந்து எரியக் கூடாது, அவ்வளவுதான். கடாரத்துப் புள்ளியை மெர்போக் ஆற்றுப் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கில் வையுங்கள்; இன்றைய கெடாவின் தலைநகரான அலோர் ஸ்டாரில் வைத்தால் தப்பு.