புல்லட் ஜர்னல்: நான்காம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை

கேள்வி
புல்லட் ஜர்னல் (அன்றாட வேலைகளையும் குறிப்புகளையும் சிறு குறிகள் போட்டுக் கையால் எழுதிவைக்கும் நோட்டு) தொடங்கலாம் என்று புள்ளி போட்ட நோட்டு, ஆறு கலர் பேனா, வாஷி டேப் என்கிற அலங்கார ஒட்டுநாடா எல்லாம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று பக்கம் அவ்வளவு அழகு. நான்காம் பக்கத்தில் கோடு கோணிப்போனதால் கிழித்தேன். அதன் முன்பக்கம்தான் மூன்றாம் பக்கம் என்பது கிழித்த பிறகுதான் உறைத்தது! பின்னால் இருந்த வெற்றுத்தாளும் தையல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. இப்போது பழையபடி பில்லுக்குப் பின்னால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்க?

பதில் 1
பில்லுக்குப் பின்னால் எழுதுகிறீர்களே, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்த முறையை உருவாக்கிய ரைடர் கேரல் 2013இல் இதை இணையத்தில் வெளியிட்டபோது அதில் அலங்காரமே கிடையாது. சிறுவயதிலிருந்தே கவனக்குறைபாட்டோடு மல்லுக்கட்டியவர், தனக்காகச் செய்துகொண்ட வழி அது.

இன்றைய தேதியைப் போடுங்கள். வேலைக்குப் புள்ளி, நிகழ்வுக்குச் சிறு வட்டம், குறிப்புக்குச் சிறுகோடு. வேலை முடிந்தால் புள்ளி மேல் பெருக்கல் குறி. நாளைக்கென்று இப்போதே கட்டம் கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும், இன்னொரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் ஓடும். பக்க எண் போட்டு, முன்னால் இண்டெக்ஸுக்கு இரண்டு பக்கம் விட்டால் சரி.

மாதக் கடைசிதான் முக்கியம். முடியாத வேலைகளை அடுத்த மாதத்துக்குக் கையால் திரும்ப எழுத வேண்டும். பழைய புள்ளியை > என்று மாற்ற வேண்டும். இந்தச் சலிப்பில்தான் விஷயமே இருக்கிறது. ‘கிதார் பழக’ என்று ஐந்து மாதம் நகல் எடுத்தேன். ஆறாவது முறை எழுதக் கை வரவில்லை. அடித்துவிட்டு, கிதாரைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். ‘பல் டாக்டர்’ என்று நாலாவது மாதமும் எழுதிய எரிச்சலில் போய்வந்தேன். போன் செயலியாக இருந்தால் இரண்டும் இன்னும் அப்படியே கிடந்திருக்கும்.

பதில் 2
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் நோட்டு மணி அடிக்காது. மாத்திரை, மீட்டிங் இரண்டையும் போனிலேயே வையுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். அப்புறம், மை பின்பக்கம் ஊறுகிறதா என்று கடைசித் தாளில் கிறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்
நன்றி. தேதி போட்டு மூன்று வரி எழுதினேன். இரண்டுக்குப் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. மூன்றாவது, ‘வாஷி டேப்பைத் தங்கை மகளுக்குக் கொடுக்க’. அதற்கு மட்டும் > போட்டிருக்கிறேன்.