ஒரே ஒரு இடம்தான் பாக்கி: தாத்தா துப்பாக்கியா, புது ரிவால்வரா?

கொடிவேரி:
எங்கிட்ட லைசன்ஸ்ல .22 ரைஃபிள் ஒண்ணு இருக்குதுங்க. கிளப் ரேஞ்சுல 50 மீட்டர்ல பேப்பர் டார்கெட் சுடறதோட சரி, வேட்டை கீட்டை எதுவும் கிடையாது. இப்ப அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. அவரு பேர்ல இருக்கற தாத்தா காலத்து 12 போர் டபுள் பேரல் (ரெட்டைக்குழல்) துப்பாக்கியை என் பேருக்கு மாத்திக்கச் சொல்றாரு. லைசன்ஸ்காரருக்கு எழுபது ஆனாலோ, இருபத்தஞ்சு வருசம் லைசன்ஸ் வெச்சிருந்தாலோ வாரிசுக்கு மாத்தலாம்னு 2016 ஆயுத விதிகள்ல இருக்குது, அதுல சிக்கல் இல்லீங்க. ஆனா 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துல ஆளுக்கு மூணு துப்பாக்கின்னு இருந்ததை ரெண்டாக்கிட்டாங்க. என் கணக்குல ஒரு இடம்தான் பாக்கி. நானோ ரொம்ப நாளா ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வர் மேல கண்ணு வெச்சிருக்கறேன். தாத்தா துப்பாக்கியை எடுத்தா ரிவால்வர் காலி. ரிவால்வரை எடுத்தா அப்பா மூஞ்சியைப் பாக்க முடியாது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

பத்து மீட்டர்:
ரெண்டும் வேண்டாம் சார். அந்த இடம் காலியாவே இருக்கட்டும். ரிவால்வருக்கு ஒதுக்கின காசுல நல்ல பிசிபி ஏர் ரைஃபிள் ஒண்ணு வாங்குங்க, முன்கூட்டியே காத்தை அடைச்சு வெச்சுச் சுடற வகை. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள்ள சக்தின்னா லைசன்ஸே தேவையில்லை, உங்க ரெண்டு கணக்குலயும் வராது. கைப்பம்ப்ல காத்தடிச்சா வீட்டு வராந்தாவுலயே பத்து மீட்டர் அளந்து சுடலாம். அந்த டார்கெட்ல பத்தாம் வளையம்ங்கிறது அரை மில்லிமீட்டர் புள்ளி. நின்னுக்கிட்டு அதைத் தொடர்ந்து அடிச்சுப் பாருங்க, ரிவால்வர் ஆசை தானா அடங்கிடும். 2008 பெய்ஜிங்ல பிந்த்ரா தங்கம் வாங்கினது ஏர் ரைஃபிள்லதான், கடைசி ஷாட் 10.8. நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவுல ஜெயிச்சதும் இதே பிரிவுலதான்.

பழைய தோட்டா:
ஏர் கன்னு மெரினாவுல பலூன் சுடுததுக்கு லாயக்கு தம்பி. கேட்டவரு கேட்டது வேற, நீரு விக்குதது வேற.

கொடிவேரி, தாத்தா துப்பாக்கியை விட்டுராதீய. 80கள்ல தனியாருக்கு இறக்குமதி நின்னுபோனதுக்குப் பொறவு வெளிநாட்டுத் துப்பாக்கின்னா ஏற்கெனவே நாட்டுக்குள்ள இருக்குததுதான். ஒண்ணு கையை விட்டுப் போனா மறுபடி வாங்க முடியாது. ரிவால்வர் அப்படியில்ல, ஃபேக்டரி இன்னைக்கும் போடுது, நாளைக்கும் போடும். என்ன மேக்குன்னு சொல்லலையே? குழல்ல என்ன எழுதியிருக்கு? தோட்டாவை வெடிக்க வைக்குத சுத்தியல் வெளிய தெரியுதா, உள்ளுக்குள்ள மறைவா இருக்கா?

கொடிவேரி:
சுத்தியல் வெளியதாங்க இருக்குது, ரெண்டு காது மாதிரி. குழல் மேல பர்மிங்ஹாம்னு மட்டும் படிக்க முடியுது, பேரு தேய்ஞ்சு போச்சு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு வெச்சு, பக்கவாட்டுல இருக்கற பூ வேலைப்பாடு முழுக்க மஞ்சளா இறுகிக் கெடக்குது. பல் குத்தற குச்சியில சுரண்டினா கொஞ்சம் வருது. குழல்ல நெளிநெளியா ஒரு கோடு ஓடுது, அது துருவா டிசைனான்னு தெரியலை.

பழைய தோட்டா:
நிறுத்தும்! நெளிக்கோடு இருந்தா அது டமாஸ்கஸ் குழலா இருக்கலாம். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கிச் சுத்தி, அடிச்சு ஒட்ட வெச்சுச் செஞ்ச குழல். கரிமருந்துக்குன்னு செஞ்சது. இப்பத்திய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதுல போடவே கூடாது. அழகா இருக்குன்னு ஏமாந்துராதீய, உள்ள பட்டை ஒட்டின இடத்துல துரு புகுந்திருந்தா வெளிய இருந்து கண்டுபிடிக்க முடியாது.

முன்கட்டையைக் கழட்டி, குழலைத் தனியாப் பிரிச்சு, அடிப்பக்கம் தட்டையா இருக்க இடத்தைப் பாரும். அங்க சின்னச் சின்ன முத்திரை இருக்கும், கிரீடம் போட்டு எழுத்து. நைட்ரோ ப்ரூஃப் (என்.பி.), அதாவது புகையில்லா மருந்தைத் தாங்கும்னு சோதிச்ச முத்திரை இருந்தாத்தான் மேற்கொண்டு பேச்சு. இல்லைன்னா துப்பாக்கி பழுது பாக்குத நல்ல கன்ஸ்மித் பாத்துச் சொல்லுத வரைக்கும் ஒரு தோட்டாகூட உள்ள போகக் கூடாது.

இன்னொண்ணு, பழைய துப்பாக்கியில சேம்பர், அதாவது தோட்டா உக்காருத அறை, 65 மி.மீ. தான் இருக்கும். இப்ப கடையில குடுக்குத தோட்டா நிறைய 70. உள்ள வழுக்கிக்கிட்டுப் போவுதேன்னு நம்பிராதீய. வாய் மடிச்சிருக்கதுனால போகும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடம் வேணும்லா? இடம் இல்லைன்னா அழுத்தம் எகிறிரும்.

பத்து மீட்டர்:
பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. சுட முடியாத துப்பாக்கிக்கு இருக்கற ஒரே இடத்தையும் தாரை வார்க்கணுமா? அப்பன் வெட்டின கிணறுன்னு உப்புத் தண்ணியையா குடிப்பாங்க?

சரி, குழல் நல்ல குழல்தான்னே வெச்சுக்குவோம். அதை வெச்சு என்ன சுடுவார்? வேட்டை 1972 வனவிலங்குச் சட்டம், அதோட 1991 திருத்தம்னு முடிஞ்சே போச்சு. முன்னே காக்காயாவது தீங்குயிர்ப் பட்டியல்ல இருந்தது, 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலே போயிடுச்சு. மிச்சம் களிமண் தட்டுதான். 110 மி.மீ. விட்டம், காத்துல பறந்து ஓடும், அதைச் சுடற தோட்டாவுல 24 கிராம் ஈய ரவை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல ட்ராப், அதான் இந்தத் தட்டு சுடற போட்டி, சுட்டது டிவியில பாத்திருப்பீங்க. அங்க எல்லார் கையிலயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு குழல் வெச்ச துப்பாக்கிதான். பக்கத்துல பக்கத்துல குழல் இருக்கற பழசை வெச்சு போட்டியில யாரும் நிக்கறதில்லை. அதுவும் இல்லாம ட்ராப் ரேஞ்ச் என்ன கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்ட் எதிர்லயா இருக்கு?

பழைய தோட்டா:
போட்டியில நிக்கத்தான் எல்லாரும் துப்பாக்கி வெச்சிருக்காவளா? வருசத்துக்கு நாலு தடவை எடுத்து, எண்ணெய் போட்டு, கிளப்புல பத்து சக்திமான் மார்க் தோட்டா சுட்டுட்டு வெச்சா அது பொழுதுபோக்கு இல்லையோ? வலது குழல் விரிஞ்சு அடிக்கும், இடது குழல் சோக்கு, வாய் குறுகினது, கூட்டி அடிக்கும். எந்த விசையை முதல்ல இழுக்கணும்னு தூரத்தைப் பாத்து ஒரு நொடியில முடிவு பண்ணணும். அந்த ருசி உம்ம காத்துப் பம்புல வராது.

மலர் டீச்சர்:
எல்லாரும் எந்தத் துப்பாக்கின்னுதான் பேசுறீங்க. வீட்டுல எதுக்குன்னு ஒருத்தரும் கேட்கலை.

எனக்குத் துப்பாக்கி சுடுற விளையாட்டு மேல கோபம் இல்லை. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரெண்டு பேர் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போறாங்க, பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினப்ப நானும்தான் கைதட்டினேன். ஆனா அந்தப் பிள்ளைங்களோட பிஸ்டல் கிளப்புல இருக்கு. பொழுதுபோக்கு ரேஞ்சுல முடிஞ்சிரணும். .32 ரிவால்வர் டார்கெட் சுடுற சாமானா? குட்டைக் குழல், இடுப்புல சொருகிக்கிறதுக்குன்னே செஞ்சது. 2014ல கான்பூர் ஃபேக்டரி 'நிர்பீக்'னு ஒண்ணு விட்டுச்சு, பெண்களோட பாதுகாப்புக்காம். விலை 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல. எந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு நிக்கும்போது அதைக் கைப்பையில வெச்சிருக்கப் போறா? அந்த மாதிரி சாமானை 'பொழுதுபோக்கு'ன்னு சொல்லி வாங்குறதுதான் எனக்குப் பிடிபடலை.

கல்யாணத்துல வானத்தைப் பாத்துச் சுட்டா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டுமேன்னு அதே 2019 திருத்தத்துல போட்டாங்களே, ஏன் போட்டாங்க? லைசன்ஸ் இருக்குறவங்க பண்ணின கூத்துனாலதான்.

கொடிவேரி:
டீச்சர், வானத்தைப் பாத்துச் சுடறதெல்லாம் வடக்க. எங்கூர்ல சீர் வரிசைக்குத் தவிலு நாயனத்தோட சரி. ஆனா ரிவால்வர் விசயத்துல நீங்க கேக்கறது நியாயந்தான், அதுல டார்கெட் சுட முடியும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அது கையில புடிச்சுப் பாத்த ஆசைங்க. கிளப்புல ஒருத்தரு வெச்சிருந்தாரு, சிலிண்டர் திரும்பறப்ப வர்ற சத்தம் இன்னும் காதுலயே இருக்குது. ஆசைக்குக் காரணம் சொல்ல முடியுங்களா?

மலர் டீச்சர்:
ஆசைக்குக் காரணம் வேண்டாம். லைசன்ஸ் விண்ணப்பத்துல காரணம் கேட்பாங்க. அங்க என்ன எழுதுவீங்க, சத்தம் நல்லாருக்குன்னா?

ஸ்காபரோ சிவம்:
இதிலை நானும் ஒரு சொல் சொல்லலாமோ? நான் கனடாவிலை இருக்கிறன். இங்கை 2020 மே மாதம் 1,500க்கு மேலை துப்பாக்கி வகையளைத் தடை செய்தவை. பிறகு 2022 ஒக்ரோபர் 21 இலை இருந்து கைத்துப்பாக்கி சாதாரண ஆக்கள் ஒருத்தரும் புதுசா வாங்கவும் ஏலாது, இன்னொருத்தருக்குக் குடுக்கவும் ஏலாது. என்னட்டை .22 பிஸ்டல் ஒண்டு இருக்கு. நான் உயிரோடை இருக்குமட்டும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுடலாம். நான் போனாப்பிறகு என்ரை மகன் அதை எடுக்கேலாது, அவனும் என்னோடை சேர்ந்து சுடுறவன்தான். கொடிவேரித் தம்பி, உங்களுக்கு அப்பாவிட்டை இருந்து கைமாற்ற வழி திறந்து கிடக்கு. அது எப்பவும் திறந்து கிடக்கும் எண்டு நினைக்காதேங்கோ. ரிவால்வர் பிறகும் வாங்கலாம், உரித்து ஒருக்காத்தான்.

மலர் டீச்சருக்கு ஒண்டு. நான் துவக்குச் சத்தத்துக்குள்ளை வளர்ந்தவன். அதாலைதான் பேப்பரிலை மட்டும் சுடுற எனக்கு அது பெரிய விசயம். எங்கடை வீட்டிலை பூட்டின அலுமாரி, விசையிலை தனிப் பூட்டு, தோட்டா வேறை பெட்டி. மனிசிக்குத் திறப்பு எங்கை எண்டு தெரியும், ஆனா தொடமாட்டா.

பத்து மீட்டர்:
சிவம் அண்ணே, உங்க ஊர்ல துப்பாக்கி உங்க வீட்டுலயே இருக்கும். இங்க தேர்தல் அறிவிச்ச மறுநாளே ஸ்டேஷன்ல இருந்து போன் வரும், கொண்டுவந்து ஒப்படைங்கன்னு. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சின்னு மாத்தி மாத்தி. எங்க கிளப் நண்பர் ஒருத்தர் ஒப்படைச்ச .315 ரைஃபிள் திரும்பி வந்தப்ப குழல் வாயில செம்மண் மாதிரி துரு. மழைக்காலம், ஈரச்சுவர், அடுக்கி வெச்சிருந்தாங்க. தாத்தா துப்பாக்கி அந்தக் கதிக்கு ஆளாகும், யோசிச்சுக்கோங்க. ஏர் ரைஃபிளை யாரும் கேட்டு வாங்கறதில்லை.

பழைய தோட்டா:
அதுக்குத்தான் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கிட வேண்டியது. மாத வாடகை கேப்பான், போகட்டும். எண்ணெய் போட்டு உறையில வெப்பான்.

மலர் டீச்சர்:
ஏர் ரைஃபிள் பொம்மைன்னும் நினைச்சுற வேண்டாம், பத்து மீட்டர். போட்டி ரைஃபிள் ஏழரை ஜூல்தான் இருக்கும். நீங்க சொல்ற இருபது ஜூல் அதைவிட ரெண்டரை மடங்கு. தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு மாடியில தகரத்துல பட்டுத் திரும்பின பெல்லட் (ஏர் கன் குண்டு) புருவத்துல ஏறிச்சு, ஒரு விரல் கீழ இறங்கியிருந்தா கண்ணு. அருணாச்சலப் பிரதேசத்துல 2021ல இருந்து மக்களே ஏர் கன்னைக் கொண்டுபோய் அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்கிற இயக்கம் நடக்குது, பறவையெல்லாம் காலியாகுதுன்னு. லைசன்ஸ் இல்லைங்கிறது வசதிதான், ஆனா அதனாலயே யார் கையில போகுதுன்னு கணக்கும் இல்லை.

பத்து மீட்டர்:
தகரத்தைப் பாத்துச் சுட்டது யார் தப்பு? குண்டைப் பிடிச்சு நிறுத்தற பெல்லட் ட்ராப் வெக்கணும், பின்னாடி கெட்டியான ரப்பர் ஷீட் போடணும், கண்ணாடி போடணும். இதைச் சொல்லிக் குடுக்காம விக்கற கடையைக் கேளுங்க. பறவையைச் சுடறவனை நானே போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்.

குறிஞ்சிப்பூ:
நடுவுல ஒரு கேள்வி. குடகுல லைசன்ஸே இல்லாம வெச்சிருக்காங்களே, அவங்களுக்கு மட்டும் இந்த ரெண்டு கணக்கு கிடையாதா?

பழைய தோட்டா:
குடகு இனத்தவருக்கும், அங்க பரம்பரையா வர்ற ஜம்மா நிலம் உள்ளவங்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வர்ற விலக்கு அது, இப்போதைக்கு 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்காவ. நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு அதைக் கேக்க முடியாது. வந்த விசயத்தைப் பாப்போம்.

கொடிவேரி, முடிவைத் தள்ளிப் போடும். முதல்ல முத்திரையைப் பாத்துச் சொல்லும். நைட்ரோ ப்ரூஃபா இருந்து, சேம்பரும் ஒத்து வந்தா, கண்ணை மூடிக்கிட்டு உம்ம பேருக்கு மாத்தும். டமாஸ்கஸ்னா பேச்சு வேற. லைசன்ஸ் உள்ள யாருக்காவது, இல்லைன்னா டீலருக்குக் குடுத்துரலாம். ஆட்சியருக்கும் ஸ்டேஷனுக்கும் முன்கூட்டியே எழுத்துல தெரிவிக்கணும், மறந்துராதீய.

கொடிவேரி:
இப்பத்தான் கழட்டிப் பாத்தேனுங்க. மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைச்சதுல நாலஞ்சு முத்திரை தெரியுது. ரெண்டுல கிரீடம் இருக்குது. ஒண்ணுல என்.பி. மாதிரி இருக்குது, ஆனா அதே இடத்துல ஒரு கீறல். என்.பி.யா பி.பி.யான்னு லென்ஸ் வெச்சும் பிடிபடலை. கோயமுத்தூர்ல பழைய கன்ஸ்மித் ஒருத்தரு இருக்காருன்னு கிளப்புல சொன்னாங்க, அப்பாவையும் கூட்டிட்டு அங்க போலாம்னு இருக்கறேன். லைசன்ஸ் அவர் பேர்லதானே இருக்குது, அவரில்லாம எடுத்துட்டுப் போனா வழியில பதில் சொல்ல முடியாது.

மலர் டீச்சர்:
அது வரைக்கும் தோட்டா எங்க இருக்கு?

கொடிவேரி:
அதே பீரோல, மேல் தட்டுலதாங்க. தாத்தா காலத்துல இருந்தே அங்கதான்.

பத்து மீட்டர்:
டீச்சரோட நான் ஒத்துப்போற ஒரே இடம் இது. கோயமுத்தூர் அப்புறம் போகலாம், இன்னைக்கே ஒரு பூட்டுப் பெட்டி வாங்கிட்டு வாங்க.

பழைய தோட்டா:
எத்தனை தோட்டா? அட்டை உடம்பா, பிளாஸ்டிக்கா? அட்டைன்னா தாத்தா வாங்கினதாத்தான் இருக்கும், அதைச் சுட்டுப் பாக்கணும்னு மட்டும் நினைச்சிராதீய.